ஒயின் ஷாப்பில் இல்லாத ஒயின்

நம் ஊரில் மதுக்கடைக்கு ரொம்ப காலமாக "ஒயின் ஷாப்" என்றுதான் பெயர். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் யாரிடமாவது வழி கேட்டால், "ஒயின் ஷாப் தாண்டி ரெண்டாவது லெஃப்ட்" என்று சொல்லுவார்கள். அந்தக் கடையில் பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், விஸ்கி, பீர் எல்லாம் இருக்கும். ஒயினைத் தேடினால் ஏதாவது ஒரு மூலையில் தூசி படிந்து ஒன்றிரண்டு பாட்டில் கிடைக்கலாம், அதுவும் பெரும்பாலும் இனிப்பான போர்ட் வகை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டோம். இன்றைக்கு அந்தப் பொருளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதிலும் ஸ்பெயின் நாட்டு வெள்ளை ஒயின், அதிலும் விலை குறைந்த சரக்கு.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சாப்பாட்டுக்கும் நம் வெயிலுக்கும் ஒத்துப்போகிற ஒயின் ஒன்று உண்டென்றால் அது ஸ்பெயினின் மலிவான வெள்ளை ஒயின்தான். மலிவு அதற்கு ஒரு குறையல்ல, அதன் முக்கியமான குணமே அதுதான். அந்தக் குணத்தை நம் நாட்டு வரி அழித்துவிடுகிறது. 42.8 சதவீத பிராந்தி கூலிக்காரர் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது. 12 சதவீத ஒயின் பணக்காரர் மேஜையில் மட்டும் இருக்கிறது. இது எந்த மதுவிலக்குக் கொள்கைக்கும் பொருந்தாது. மீதி எல்லாம் விவரம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. "தினமும் ஒரு கிளாஸ் ஒயின் இருதயத்துக்கு நல்லது" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். நான் பேசுவது ஏற்கனவே எதையோ குடித்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றியும், அவர்களுக்கு எதை மலிவாகக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றியும்.

என்னைப் பற்றி இந்த விஷயத்துக்குத் தேவையான அளவு மட்டும்: புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒயின் என்றால் பிரான்ஸ். இத்தாலி என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள், ஸ்பெயின் என்றால் பேச்சையே மாற்றிவிடுவார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஒயின் என்பது சாப்பாட்டோடு மேஜை மேல் இருக்கும் ஒரு பொருள், தண்ணீர்க் கூஜா மாதிரி. பிள்ளைகளுக்கு மறைத்துக் குடித்ததும் கிடையாது, குடித்துவிட்டுத் தெருவில் விழுந்ததும் கிடையாது. பிற்பாடு குமாஸ்தா வேலை கிடைத்து ஆவடிப் பக்கம் வந்தபோது, குடிப்பது என்றால் ஒளிந்து, வேகமாக, போதை ஏறும் வரை என்றிருப்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இப்போது மகள் துலூஸ் நகரத்தில் குடும்பமாக இருக்கிறாள். அங்கே போகும்போதெல்லாம் ஒரு வேடிக்கையைப் பார்க்கிறேன். துலூஸ்காரர்கள் அடிக்கடி காரை எடுத்துக்கொண்டு தெற்கே எல்லை தாண்டி, ஸ்பெயினில் போஸோஸ்ட் என்கிற சின்ன ஊருக்குப் போகிறார்கள். சுமார் 140 கிலோமீட்டர். துலூஸுக்குள் ஓடுகிற கரோன் ஆறு பிறப்பது அந்தப் பள்ளத்தாக்கில்தான். ஆற்றங்கரையில் வரிசையாகக் கடைகள்: சிகரெட், மது, ஆலிவ் எண்ணெய், உப்பிட்ட பன்றிக்கறி. திரும்பி வரும்போது வண்டி டிக்கி நிறைந்திருக்கும். சென்னைக்காரர்கள் 150 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போவதை என் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். உலகத்தில் எந்த ஊரானாலும் விலை எங்கே குறைவோ கார் அந்தப் பக்கம் திரும்புகிறது.

அப்படி ஒரு பயணத்தில் மாப்பிள்ளை நாலு பாட்டில் எடுத்துக் கூடையில் வைத்தார். "மாமா, இது ரெண்டு யூரோ தொண்ணூறு. இங்க தண்ணி பாட்டில் விலை" என்று சிரித்தார். தண்ணீர் விலை என்பது கொஞ்சம் மிகைதான். ஆனால் முந்நூறு ரூபாய்க்குள் முழு பாட்டில் என்பது உண்மை.

ஏன் அவ்வளவு மலிவு? உலகத்திலேயே அதிகப் பரப்பில் திராட்சை பயிராவது ஸ்பெயினில், 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல். நிலம் பெரும்பாலும் வறண்டது. ஸ்பெயினில் ஒயினுக்குக் கலால் வரி பூஜ்யம், பொதுவான விற்பனை வரி மட்டும்தான். பிரான்ஸிலும் கலால் பாட்டிலுக்கு நாலு சென்ட்கூடத் தேறாது. இதற்கு மேல் தொழில்நுட்பம். முன்காலத்தில் உஷ்ணப் பிரதேசத்து வெள்ளை ஒயின் சீக்கிரம் பழுத்து, பழுப்பேறி, உயிரில்லாமல் போகும். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியும் குளிர்விக்கும் யந்திரமும் வந்தபின் அந்தச் சாறே பச்சை வாசனையோடு பாட்டிலுக்குள் வருகிறது. பணக்காரத் தோட்டத்துக்கு இது ஒரு வசதி. மலிவு ஒயினுக்கோ இது மறுபிறவி.

இனி அந்த நாலு பாட்டில்.

முதலாவது, ரெண்டு தொண்ணூறு: லா மான்சா சமவெளியின் ஐரென் திராட்சை. டான் கிஹோத்தே கதை நடக்கிற அதே சமவெளி. மழை பொய்த்தாலும் தாங்குகிற செடி என்பதால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நட்டுவைத்தார்கள். பெரும்பகுதி பிராந்தி காய்ச்சத்தான் போயிற்று. ஒயினாகக் குடித்தால் பெரிதாக ஒன்றும் இல்லை: லேசாகப் பழுத்த வாழைப்பழ வாசம், மெல்லிய புளிப்பு, அவ்வளவுதான். குற்றமும் இல்லை. பழகுவதற்குச் சுலபமான, பேச்சு குறைந்த ஆள் மாதிரி.

இரண்டாவது, நாலு யூரோ சொச்சம்: ருவேதா பகுதியின் வெர்தேஹோ. துவேரோ ஆற்றை ஒட்டிய உயரமான மேட்டு நிலம், கடல் மட்டத்திலிருந்து 700, 800 மீட்டர். பகலில் காய்ச்சி எடுக்கும், ராத்திரி நடுக்கும். இந்தத் திராட்சை காற்றுப் பட்டால் சீக்கிரம் கருத்துவிடும். வெட்டிய வாழைக்காய் கருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அப்படி. அதனால் ராத்திரி நேரத்தில், குளிர்ச்சியில், யந்திரம் வைத்து அறுவடை செய்கிறார்கள். வாயில் வைத்தால் சோம்பு வாசம் துல்லியமாகத் தெரியும். பின்னால் நார்த்தங்காய்த் தோலின் கசப்பு லேசாக வந்து நிற்கும். லேபிளில் "ருவேதா வெர்தேஹோ" என்று போட்டிருந்தால் குறைந்தது 85 சதவீதம் அந்தத் திராட்சை இருக்க வேண்டும் என்பது விதி.

மூன்றாவது, ஒன்பது யூரோ: வடமேற்கில் கலீசியா மாநிலத்து ரியாஸ் பாய்ஷாஸ் பகுதியின் அல்பரீஞ்ஞோ. நாலில் இதுதான் விலை கூடுதல். இங்கே செடியைப் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள், கருங்கல் தூண் நட்டு அதன் மேல் பந்தல். அட்லாண்டிக் கடலோர மழையும் ஈரமும் அதிகம் என்பதால் காற்றோட்டத்துக்காக அந்த ஏற்பாடு. படம் பார்த்தபோது எனக்குக் கம்பம் பள்ளத்தாக்குதான் நினைவுக்கு வந்தது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கம்பம் பன்னீர் திராட்சையும் பந்தலில் தொங்குவதுதான். அல்பரீஞ்ஞோவின் ருசியை ஒரு வரியில் சொன்னால், மெரினாவில் வாங்கிய மாங்காய்ப் பத்தை. புளிப்பு, உப்பு, மிளகாய்ப் பொடி மட்டும் இல்லை.

நாலாவது, அரை பாட்டில்: தெற்கே ஸான்லூகர் துறைமுகத்தின் மன்ஸனீயா. இது ஷெர்ரி குடும்பம், 15 சதவீதம். பீப்பாயில் கிடக்கும்போது ஒயின் மேல் பால் ஆடை மாதிரி ஈஸ்ட் படர்ந்து காற்றுப் படாமல் காக்கிறது. அதனால் வரும் வாசம் எது தெரியுமா? பொங்கி நிற்கிற இட்லி மாவு. வெள்ளைக்காரர்கள் இதை ரொட்டி வாசம் என்று எழுதுகிறார்கள். காலையில் மாவுப் பாத்திரத்தைத் திறக்கிற நமக்கு இன்னும் கிட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது. சொட்டு இனிப்பு கிடையாது. உப்பும் ஊறவைத்த பாதாமும் மட்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஒயின் சுவைப்பது என்றால் பெரிய வித்தை என்று ஒரு பயத்தை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் பாதி வார்த்தைகள்தான். வெள்ளை ஒயினைப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளில் "கூஸ்பெரி" வாசம் என்று வரும். அகராதியைப் பார்த்து அதை நெல்லிக்காய் என்று மொழிபெயர்த்து, கிளாஸில் நெல்லிக்காயைத் தேடித் தேடி ஓய்ந்த நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்தக் காய் வேறு, நம் நெல்லி வேறு. அறுசுவைக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. துவர்ப்பு என்ற ஒரு சொல்லுக்காகவே ஒயின்காரர்கள் நமக்கு நன்றி சொல்ல வேண்டும். சிவப்பு ஒயின் நாக்கைப் பிடித்து இழுப்பதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. கொடுக்காப்புளி, நாவற்பழம், களாக்காய், நார்த்தங்காய், பச்சைப் புளியங்காய் என்று ஆவடி மார்க்கெட்டில் ஒரு சுற்று சுற்றினால் வேண்டிய சொல் அத்தனையும் கிடைக்கும். பிரெஞ்சில் "தெர்ருவார்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற விஷயத்தை நம் விவசாயி "மண்வாகு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்.

செய்முறையும் சுலபம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் வெளியே வையுங்கள். ரொம்பச் சில்லென்றிருந்தால் வாசம் எழாது, வெதுவெதுப்பாக விட்டால் சாராய நெடிதான் முன்னால் வரும். மெல்லிய கண்ணாடி டம்ளரில் கால் பங்கு ஊற்றுங்கள். முதலில் மோந்து பாருங்கள். ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். பிறகு முப்பது வரை எண்ணுங்கள். அதற்குள் மறைந்துவிட்டதா, இன்னும் நிற்கிறதா, நிற்பது நல்லதா கெட்டதா, இவ்வளவுதான் கேள்வி.

அன்றைக்கு ராத்திரி மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். நாலு பாட்டிலோடு, வீட்டில் பரிசாக வந்திருந்த 25 யூரோ பெறுமான பிரான்ஸின் ஷப்லி பாட்டில் ஒன்றையும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் செய்தித்தாள் சுற்றி எண் போட்டுக் கொண்டுவந்தார். மகள் நெத்திலி வறுத்திருந்தாள். நாங்கள் நாலு பேர், நாலு துண்டுக் காகிதம். முடிவைக் கேளுங்கள். மன்ஸனீயாவை எல்லோரும் வாசத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம். ஐரென் நாலு பேருக்கும் கடைசி. நடுவில் இருந்த வெர்தேஹோ, அல்பரீஞ்ஞோ, ஷப்லி மூன்றையும் நாலு பேரும் நாலு விதமாக வரிசைப்படுத்தியிருந்தோம். ஷப்லி நல்ல ஒயின், சந்தேகமில்லை. அதில் ஒரு தெளிவு இருந்தது, ரொம்ப நேரம் நின்றது. ஆனால் வெர்தேஹோவைவிட ஆறு மடங்கு நன்றாக இருந்ததா என்று கேட்டால், மேஜையில் ஒருவரும் கை தூக்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2008இல் ராபின் கோல்ட்ஸ்டீன் என்பவரும் சகாக்களும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், விலை தெரியாமல் ஒயினைச் சுவைக்கவைத்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மதிப்பெண்களைச் சேகரித்தார்கள். பயிற்சி இல்லாத சாதாரண ஆட்களுக்கு விலை கூடிய ஒயின் ஒரு பொட்டு குறைவாகவே பிடித்திருந்தது. பயிற்சி பெற்றவர்களுக்குக் கதை வேறு, அதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பிரான்ஸ்காரர்களே இதற்குச் சாட்சி. 2016 ஏப்ரலில் எல்லைக்குப் பக்கத்தில் லெ பூலு என்ற ஊரில், பிரெஞ்சுத் திராட்சை விவசாயிகள் ஸ்பெயினிலிருந்து வந்த டேங்கர் லாரிகளை மறித்து ஒயினை ரோட்டில் திறந்துவிட்டார்கள். அவர்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது, பாதி விலையில் சரக்கு வந்தால் உள்ளூர் விவசாயி எங்கே போவான்? ஆனால் அந்த டேங்கர்கள் யாருக்காகப் போய்க்கொண்டிருந்தன? ஸ்பெயின் ஒயினைப் பற்றி உதட்டைப் பிதுக்குகிற அதே நாட்டின் வியாபாரிகளுக்காகத்தான். 2018இல் பிரெஞ்சு அரசின் நுகர்வோர் துறை இன்னொன்றையும் வெளியிட்டது. ஒரு கோடி பாட்டிலுக்குச் சமமான ஸ்பானிய ரோஸ் நிற ஒயின் பிரெஞ்சு ஒயின் என்ற பாவனையில் விற்கப்பட்டிருந்தது. குடித்தவர்களின் நாக்கு அதைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதிகாரிகளின் சோதனைதான் காட்டிக்கொடுத்தது. எங்கள் தெருப் பெரியவர்கள் இருந்திருந்தால் இதை அவர்களிடம் வாசித்துக் காட்டியிருப்பேன்.

சரி, நம் சாப்பாட்டோடு எப்படி? இதில் நான் உறுதியாகச் சொல்வேன். மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பான சிவப்பு ஒயின் சேர்ந்தால் இரண்டும் சண்டை போடும், சாராயச் சத்து கூடக் கூட எரிச்சலும் கூடும். சத்து குறைந்த, புளிப்பான வெள்ளை ஒயின் எலுமிச்சை பிழிந்த மாதிரி வேலை செய்கிறது. மன்ஸனீயாவும் நெத்திலி வறுவலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். ஸான்லூகர் பக்கத்திலும் அதை வறுத்த சின்ன மீனோடுதான் குடிக்கிறார்கள். அல்பரீஞ்ஞோவுக்கு மிளகு போட்ட இறால். வெர்தேஹோவுக்குக் கொத்தமல்லியும் தேங்காயும் அரைத்த எதுவும், ஆட்டுக்கறியில்லாத பச்சை மசாலாக் குருமாவும் சேரும். ஐரென் ஒயினைத் தயிர் வடைக்கு முன்னால்கூடக் குடிக்கலாம், யாரையும் தொந்தரவு செய்யாது. புளிக்குழம்புக்கும் ரசத்துக்கும் எந்த ஒயினும் ஆகாது. அவற்றுக்குத் தண்ணீர்தான் சரி.

"இதெல்லாம் நம் பண்பாடா?" என்று ஒருவர் கேட்பார். பண்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் புறநானூற்றின் 56ஆம் பாட்டை ஒரு தடவை படிக்கட்டும். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் அருந்தி இன்புறுமாறு நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். எங்கள் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஒயின் ஜாடிகளில் அதிகமானவை கிரேக்கத் தீவான கோஸ் பாணியைச் சேர்ந்தவை. ஸ்பெயின் ஜாடிகளும் உண்டு, ஆனால் அவற்றில் வந்தது மீனை உப்பில் புளிக்கவைத்த சாறு! ஆக, ஸ்பெயின் நமக்குப் புது உறவு இல்லை. அப்போது தொட்டுக்கொள்ள அனுப்பினார்கள்.

இனி வரிக் கணக்கு. குமாஸ்தா புத்தி, கணக்குப் போடாமல் விடாது.

நம் கடைகளில் சாதாரண ரக பிராந்தி குவார்ட்டர், 180 மில்லி, சுமார் 150 ரூபாய். 42.8 சதவீதம் என்றால் அதில் 77 மில்லி சாராயச் சத்து. ஒரு மில்லி சத்துக்கு இரண்டு ரூபாய். இப்போது 3 யூரோ, அதாவது ஏறக்குறைய 300 ரூபாய் மதிப்புள்ள ஒரு ஸ்பானிய வெள்ளை ஒயின் நம் துறைமுகத்துக்கு வருகிறது. 750 மில்லி, 12.5 சதவீதம், ஆக 94 மில்லி சத்து. ஒரு மில்லிக்கு மூன்று ரூபாய் சொச்சம். இதுவரை நியாயமான வித்தியாசம்தான். இதன் மேல் 150 சதவீதம் சுங்கவரி. 300 ரூபாய்ப் பாட்டில் 750 ரூபாயாகிறது, மில்லிக்கு எட்டு ரூபாய். இன்னும் துறைமுகத்தைவிட்டு வெளியே வரவில்லை. இதற்கு மேல் மாநிலத்தின் கலால், விற்பனை வரி, இறக்குமதியாளர் லாபம், கடை லாபம். மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்குப் போடலாம். கடை அலமாரிக்கு வரும்போது அந்த முந்நூறு ரூபாய் ஒயின் ஆயிரத்தைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. அந்த விலை கொடுத்து அதை வாங்குகிறவர் ருசிப்பது பெரும்பாலும் வரியைத்தான்.

விலை ஏறியதும் பொருளின் குணமும் மாறிவிடுகிறது. ஸ்பெயினில் கட்டடத் தொழிலாளி மதியச் சாப்பாட்டோடு குடிக்கிற ஒயின், இங்கே மெழுகுவர்த்தி வைத்த ஹோட்டலில் வெள்ளைத் துணி சுற்றி வருகிறது. அந்த விலைக்குத் தகுந்த ருசி அதில் இல்லை, இருக்கவும் முடியாது. முதல் தடவை குடித்துப் பார்க்கிற நம் ஆள், "ரெண்டாயிரம் குடுத்து இந்தப் புளிச்ச தண்ணியா?" என்று கேட்டுவிட்டுத் தன் பழைய குவார்ட்டருக்குத் திரும்பிப் போகிறார். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம்.

சுங்கவரி குறைந்துகொண்டு வருகிறதே என்பீர்கள். எப்படிக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவோடு 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, பாட்டில் 5 டாலருக்கு மேல் இருந்தால் வரி 150இலிருந்து உடனே 100 ஆகும், 15 டாலருக்கு மேல் இருந்தால் 75. அதன்பிறகு வருஷா வருஷம் இன்னும் குறையும். 5 டாலருக்குக் கீழே? அதே 150. விலை கூடக்கூட வரிச் சலுகை கூடுகிறது! அரிசிக் கடையில் பாசுமதிக்குத் தள்ளுபடி, ரேஷன் அரிசிக்கு முழு வரி என்று போட்டால் நாடு சும்மா இருக்குமா? ஐரோப்பிய ஒன்றியத்தோடும் பேச்சு முடிந்துவிட்டதாக 2026 ஜனவரியில் அறிவித்திருக்கிறார்கள், ஒயின் வரியும் படிப்படியாகக் குறையும் என்கிறார்கள். எந்த ஒப்பந்தமானாலும் நான் அதில் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான்: கடைசித் தட்டில் இருக்கிற பாட்டிலுக்குக் குறைகிறதா?

உள்ளூர்த் திராட்சை விவசாயியைக் காப்பாற்றத்தான் இந்த வரி என்றால், அதற்கு வேறு வழி இருக்கிறது. சாராயச் சத்தை அளந்து வரி போடுங்கள். பிரிட்டன் 2023 ஆகஸ்ட் 1 முதல் ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறது. சத்து கூடினால் வரி கூடும், குறைந்தால் குறையும். அந்தக் கணக்கு வந்தால் நாசிக் ஒயினுக்கும் அதே நன்மை, நாளைக்குக் கம்பத்தில் ஒருவர் பன்னீர் திராட்சையில் நல்ல ஒயின் செய்தால் அவருக்கும் அதே நன்மை.

நம் மாநிலத்தில் கள்ளுக்கு நேர்ந்ததும் இதே கதைதான். பனையிலும் தென்னையிலும் இறக்குகிற, பீர் அளவே சத்துள்ள கள் 1987 ஜனவரியிலிருந்து தடை. அதைவிடப் பல மடங்கு சத்துள்ள பிராந்தியையும் ரம்மையும் 2003 நவம்பரிலிருந்து அரசு நிறுவனமான டாஸ்மாக்கே நேரடியாகச் சில்லறைக்கு விற்கிறது. 2024-25இல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 48,000 கோடிக்கு மேல். மென்மையானதைத் தடுத்து, கடுமையானதைக் கடை வைத்து விற்று, அதன்பின் குடியின் கேடு பற்றிப் பாட்டிலில் எச்சரிக்கை அச்சிடுகிறோம். ஒயினோ கள்ளோ கொடுத்தால் குடிப்பழக்கம் ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒயினிலும் ஆள் கெடலாம், பிரான்ஸில் அப்படிக் கெட்டவர்கள் ஏராளம். ஆனால் சம்பள நாள் சாயங்காலம் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நின்றுகொண்டே தண்ணீர்ப் பாக்கெட்டைக் கடித்துக் கலந்து ஐந்து நிமிஷத்தில் குவார்ட்டரை முடிக்கிற பையனுக்கு, அந்த அவசரத்தைக் கற்றுக்கொடுத்தது யார்? உட்கார இடமில்லாத குடியையும், ஒரு மில்லி சத்து இரண்டு ரூபாய் என்ற விலையையும் நாம்தான் வைத்திருக்கிறோம். அவன் வீட்டில் காத்திருக்கிறவளுக்கு மாதக் கடைசியில் மிஞ்சுவதையும் அந்த விலைதான் தீர்மானிக்கிறது.

சட்டம் மாறுகிற வரைக்கும் என் யோசனை இதுதான். இங்கே அந்த விலை கொடுத்து ஸ்பெயின் ஒயின் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் வரியில்லாமல் கொண்டுவர அனுமதி உண்டு. விஸ்கி கேட்டு அந்த இடத்தை வீணாக்க வேண்டாம். வெர்தேஹோ ஒரு பாட்டில், அல்பரீஞ்ஞோ ஒரு பாட்டில், மன்ஸனீயா அரை பாட்டில். மொத்தம் 1,875 மில்லி, கணக்குக்குள் அடங்கும். லேபிளில் சமீபத்திய அறுவடை வருஷமாகப் பார்க்கச் சொல்லுங்கள். இவை பழசாக ஆக நன்றாகும் ரகம் இல்லை. நம் வெயிலில் பீரோவில் பூட்டி வைத்தால் மூன்று மாதத்தில் செத்துவிடும். வந்த வாரமே ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டு மனுஷர்கள் நாலு பேராக, எல்லோருக்கும் தெரிய, நெத்திலியோடு, ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ். பிடிக்கவில்லையென்றால் மிச்சத்தை மீன் வறுவலில் ஊற்றிவிடுங்கள். முந்நூறு ரூபாய்ப் பாட்டிலில் அந்தச் சுதந்திரமும் இருக்கிறது.